கல்லாவில் அமர்ந்த துப்பறிவாளர்கள்

ஊரில் ஒரு கொலை விழுந்துவிட்டால், யாரை வேண்டுமானாலும் நிறுத்தி "நேற்று ராத்திரி எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்கும் உரிமை போலீசுக்கு உண்டு. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். கட்சிக்காரருக்காகக் கேட்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்துக்கும் சுசீலாவுக்கும் துப்பறிவதே தொழில். இவர்களில் எவருமாக இல்லாத ஒரு சாதாரண மனிதரை வைத்துத் துப்பறியும் நாவல் எழுத உட்காருகிறவருக்கு முதல் அத்தியாயத்திலேயே ஒரு முட்டுக்கட்டை வந்து நிற்கும். இந்த ஆள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டு விவகாரத்தைக் கேட்பார்? கேட்டால்தான் அவர்கள் எதற்காக வாயைத் திறப்பார்கள்? தேவன் இதை நகைச்சுவையால் கடந்தார். அவருடைய சாம்பு வங்கிக் குமாஸ்தா. விசாரணை என்று பெரிதாக ஒன்றும் நடத்தாமலே அதிர்ஷ்டம் அவரைக் குற்றவாளி மேல் கொண்டுபோய்த் தள்ளிவிடும்.

ஆங்கிலத்தில் ‘கோஸி மிஸ்டரி’ என்று அழைக்கப்படும் வகை இதற்கு வேறொரு விடை கண்டது. இந்த நாவல்களில் கொலை உண்டு, கோரம் இருக்காது. சின்ன ஊர், ஒருவரையொருவர் அறிந்த மனிதர்கள், கெட்ட வார்த்தையும் படுக்கையறைக் காட்சியும் இல்லாத நடை, கடைசியில் கண்டிப்பாகப் பிடிபடும் குற்றவாளி. இந்த உலகத்தில் கடந்த நாற்பது ஆண்டுகளாகத் துப்பறிகிறவர்களில் பெருங்கூட்டம் கடைக்காரர்கள். அதிலும் பெரும்பாலோர் பெண்கள். புத்தகக் கடை, டீக்கடை, பேக்கரி, பின்னல் நூல் கடை, மூலிகைக் கடை, பாலாடைக்கட்டிக் கடை என்று அமெரிக்காவின் கற்பனைச் சிற்றூர்களில் கடைக்கொரு துப்பறிவாளர் இருக்கிறார்.

கடை என்பது இங்கே வாசகரைக் கவரப் போட்ட அலங்காரம் என்று பலர் இந்த வகையை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊரில் யாரும் காரணம் சொல்லாமல் நுழையக்கூடிய இடம் கடை. கடைக்காரர் பேச்சுக் கொடுத்தால் அதை யாரும் விசாரணை என்று நினைப்பதில்லை. யார் வழக்கமாக என்ன வாங்குவார், எந்த வாரத்திலிருந்து வாங்குவதை நிறுத்தினார், யார் கணக்கில் எழுதச் சொல்கிறார், யார் கையில் திடீரென்று பணம் புழங்குகிறது என்பதெல்லாம் யாரும் கேட்காமலே அவருக்குத் தெரியும். தொழிலே பாதித் துப்பறிதல். அந்தத் தொழிலறிவை எழுத்தாளர் உண்மையாகப் பயன்படுத்தினாரா, இல்லை கடையைப் படுதாவாகத் தொங்கவிட்டாரா என்பதை வைத்தே இந்த நாவல்களை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

கடைக்காரருக்கும் கொலைக்கும் உள்ள தொடர்பை முதலில் ஏற்படுத்தியது இலக்கியம்கூட இல்லை, சட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எலிக்கும் ஈக்கும் வைக்கிற ஆர்சனிக் மிக மலிவாகக் கிடைத்தது. விஷக் கொலைகள் பற்றிய பீதி பரவியபோது, 1851-இல் நாடாளுமன்றம் ஆர்சனிக் விற்பனைக்கு ஒரு சட்டம் போட்டது. விற்பவர் பதிவேடு வைத்திருக்க வேண்டும். வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு, எதற்காக வாங்குகிறார் என்பதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். முன்பின் தெரியாதவருக்கு விற்கக் கூடாது. அப்படி ஒருவர் வந்தால் இருதரப்பையும் அறிந்த சாட்சி ஒருவர் கூட நிற்க வேண்டும். சில்லறையாக விற்கும் ஆர்சனிக்கில் புகைக்கரியோ அவுரியோ கலந்து நிறமேற்ற வேண்டும். ஆக, ‘உன் வாடிக்கையாளரை உனக்குத் தெரியுமா?’ என்ற கேள்வி கடைக்காரரின் சட்டக் கடமை ஆகிவிட்டது. 1857-இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த மேடலின் ஸ்மித் தன் காதலனை ஆர்சனிக் வைத்துக் கொன்றார் என்று வழக்கு நடந்தபோது, அவர் எலிக்கு என்று சொல்லி ஆர்சனிக் வாங்கிய பதிவுகளும் விற்ற மருந்துக் கடைக்காரர்களின் சாட்சியமும் நீதிமன்றத்துக்கு வந்தன. கடைசியில் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்ற ஸ்காட்லாந்துத் தீர்ப்போடு அவர் வெளியே வந்தார்.

அகதா கிறிஸ்டி இந்தப் பதிவேட்டின் அருமையை அனுபவத்தில் அறிந்தவர். முதல் உலகப் போரின்போது டார்க்கி ஊர் மருத்துவமனையில் மருந்து கலக்கும் பிரிவில் வேலை பார்த்தார். அதற்கான தேர்வுக்காக ஊரிலிருந்த ஒரு மருந்துக் கடைக்காரரிடம் பாடம் கேட்டார். அந்த மனிதர் சட்டைப் பையில் ஒரு துண்டு குராரே விஷத்தை எப்போதும் வைத்திருந்தாராம். அது தனக்கு வல்லமை தருவதாக உணர்ந்ததால். இதைச் சுயசரிதையில் எழுதிய கிறிஸ்டி, பல ஆண்டுகள் கழித்து 1961-இல் ‘தி பேல் ஹார்ஸ்’ எழுதியபோது அவரை நினைத்துக்கொண்டதாகவும் சொல்கிறார். 1920-இல் வந்த அவருடைய முதல் நாவலான ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ கதையில், ஸ்ட்ரிக்னைன் விஷத்தை விற்ற கடைப் பையன் ஆல்பர்ட் மேஸ் பதிவேட்டில் கையெழுத்து வாங்கித்தான் விற்கிறான். ஆனால் அவன் அந்த ஊருக்கு வந்தே சில நாட்கள்தான் ஆகியிருக்கின்றன. வந்தவரின் தாடியையும் கண்ணாடியையும் பார்த்து இன்னார் என்று நம்பிவிடுகிறான். பழைய கடைக்காரராக இருந்திருந்தால் அந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

கடைக்காரரையே துப்பறிவாளராக நிறுத்திய முற்கால நூல்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபெர்கஸ் ஹ்யூம் 1898-இல் வெளியிட்ட ‘ஹேகர் ஆஃப் தி பான்-ஷாப்’. ஹ்யூம், 1886-இல் மெல்பர்னில் வெளிவந்து பெரும் விற்பனை கண்ட ‘தி மிஸ்டரி ஆஃப் எ ஹான்சம் கேப்’ நாவலின் ஆசிரியர். அந்தப் பெயருக்குப் பின்னால் இந்த நூல் மறைந்துபோனது நியாயமில்லை. லண்டனின் ஏழைப் பகுதியான லாம்பெத்தில் ஒரு கருமியின் அடகுக் கடை. அங்கே வந்து சேரும் ஜிப்ஸிப் பெண் ஹேகர் ஸ்டான்லி, கிழவரிடம் தொழிலைக் கற்றுக்கொள்கிறாள். அவர் இறந்த பிறகு, உரிய வாரிசு வந்து சேரும்வரை கடையை நேர்மையாக நடத்துவது என்று உட்காருகிறாள். நூலின் ஒவ்வொரு கதையும் ஒரு வாடிக்கையாளரோடும் அவர் கொண்டுவரும் ஒரு பொருளோடும் தொடங்குகிறது: முதல் வாடிக்கையாளர் கொண்டுவருவது பழைய தாந்தே நூல், இரண்டாமவர் கொண்டுவருவது அம்பர் மணிமாலை.

அடகுக் கடையின் வேலை முறை தெரிந்தவர்களுக்கு இந்த அமைப்பு எவ்வளவு கச்சிதம் என்று புரியும். பொருளைக் கையில் வாங்கும்போதே கடைக்காரர் மூன்று கேள்விகளை மனதுக்குள் கேட்டாக வேண்டும். இது அசலா? என்ன பெறும்? இந்த ஆளுக்கு இது எப்படி வந்தது? மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாமல் பணம் கொடுத்தால் திருட்டுச் சரக்கு வாங்கிய பழி வரும். தங்கத்தின் மாற்றுப் பார்ப்பவர் மனிதரின் மாற்றையும் சேர்த்தே பார்க்கிறார். ஹேகர் எவரிடமும் போய்க் கதவைத் தட்டி விசாரிக்க வேண்டியதில்லை; மர்மமே அடகுச் சீட்டோடு அவள் முன்னால் வந்து நிற்கிறது. பொருள் மீட்கப்படாமல் கிடக்கிறதா, வேறொருவர் வந்து மீட்க முயல்கிறாரா, ஒரே பொருளுக்கு இரண்டு பேர் அலைகிறார்களா என்பதெல்லாம் கதையை நகர்த்துகின்றன. அந்தக் காலத்து இன வெறுப்பு சில கதைகளில் அப்படியே தங்கியிருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த நூலைப் பரிந்துரைக்க முடியாது. ஆனாலும் தொழிலும் துப்பும் இவ்வளவு பிரிக்க முடியாமல் இழைந்த நூல் இந்த வகையில் அரிது.

இதற்குப் பிறகு, வியப்பாக, கடைக்காரர் பின்னுக்குத் தள்ளப்படுகிறார். பாரனஸ் ஆர்ட்ஸி 1901 முதல் பத்திரிகையில் எழுதிய மூலைக் கிழவர் கதைகளில் லண்டன் டீக்கடை ஒன்று நிரந்தர மேடை. ஆனால் துப்பறிகிறவர் அங்கே வந்து உட்கார்ந்து கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டே பேசும் ஒரு வாடிக்கையாளர். இரு போர்களுக்கு இடைப்பட்ட ஆங்கிலத் துப்பறியும் நாவல்களில் பிரபுக்களும் பேராசிரியர்களும் வேலைக்குப் போகத் தேவையில்லாத முதிய பெண்களும் துப்பறிந்தார்கள். கடைக்காரர் சாட்சி சொல்வார், வதந்தி சொல்வார், சில சமயம் செத்துக்கிடப்பார்.

அப்படிச் செத்துக்கிடந்தவர்களில் ஒருவரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1936-இல் வந்த ‘தி ஏ.பி.சி. மர்டர்ஸ்’ நாவலில் முதலில் கொல்லப்படுவது ஆண்டோவர் ஊரில் சிகரெட்டும் பத்திரிகையும் விற்கும் ஆலிஸ் ஆஷர் என்ற ஏழை முதியவள். தலையின் பின்பக்கத்தில் அடி. அவள் கல்லா மேசைக்குப் பின்னால் விழுந்த விதத்தை வைத்து, அலமாரியிலிருந்து சிகரெட் பெட்டி எடுக்கத் திரும்பிய நொடியில் அடித்திருக்கிறார்கள் என்று முடிவுக்கு வருகிறார்கள். கொலையாளி ஒரு வாடிக்கையாளரைப் போல நின்று, கேட்டதை எடுக்க அவள் முதுகைக் காட்டியபோது கையை ஓங்கியிருக்கிறான். கடைத் தொழிலின் ஆபத்து முழுவதும் அந்த ஒரு அசைவில் இருக்கிறது. முகம் தெரியாதவரிடம் நாள் முழுக்க முதுகைக் காட்டி நிற்பதுதான் அந்த வேலை.

போருக்குப் பிறகு கிறிஸ்டி இன்னொன்றையும் கவனித்தார். 1950-இல் வந்த ‘எ மர்டர் இஸ் அனவுன்ஸ்ட்’ நாவலில், முன்பெல்லாம் கிராமத்தில் யார் யார் என்று எல்லோருக்கும் தெரியும், இப்போது வருகிறவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதை நம்ப வேண்டியிருக்கிறது என்று அவருடைய முதிய துப்பறிவாளர் மிஸ் மார்ப்பிள் எடுத்துச் சொல்கிறார். பிரிட்டனில் ரேஷன் அப்போது முடிந்திருக்கவில்லை. அது முழுவதுமாக விலகியது 1954-இல்தான். மனிதரை அடையாளம் காட்டியது ஒரு ரேஷன் அட்டை. பின்னால் வந்த கடைக்காரர் நாவல்கள் எல்லாம், ‘யார் யார் என்று எல்லோருக்கும் தெரிந்த’ அந்த ஊரைத் திரும்பக் கட்டி எழுப்பும் முயற்சிகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் அது நடந்தது 1980-களில். 1984-இல் தொடங்கி 1996 வரை ஓடிய ‘மர்டர், ஷி ரோட்’ தொலைக்காட்சித் தொடர் கேபட் கோவ் என்ற சிற்றூரை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. அதன் நாயகி கடைக்காரர் இல்லை, எழுத்தாளர். ஆனால் நடுவயதைக் கடந்த பெண், சிற்றூர், அன்றாட அறிவு ஆகிய மூன்றுக்கும் பெரிய சந்தை இருப்பது தெரிந்துவிட்டது. ஜோன் ஹெஸ் 1986-இல் புத்தகக் கடைக்காரரான கிளேர் மல்லாயை அறிமுகப்படுத்தினார். அடுத்த ஆண்டே கரோலின் ஹார்ட்டின் ‘டெத் ஆன் டிமாண்ட்’ வந்தது. தென் கரோலினாக் கரையோரத் தீவு ஒன்றில் துப்பறியும் நாவல்கள் மட்டும் விற்கும் கடை. அதன் சொந்தக்காரி ஆனி லாரன்ஸ். எழுத்தாளர்கள் கூடிய மாலையில் விளக்கு அணைந்தபோது கடைக்குள்ளேயே கொலை. நியூயார்க்கில் டிலிஸ் வின் 1972-இலேயே ‘மர்டர் இங்க்’ என்ற பெயரில் இப்படி ஒரு கடையைத் திறந்து நடத்தியிருந்ததால் அந்த அமைப்பு கற்பனையாக மட்டும் தோன்றவில்லை. 1989-இல் இந்த வகை நாவல்களுக்கென்றே ‘மாலிஸ் டொமஸ்டிக்’ மாநாடு தொடங்கியது. அங்கே கிறிஸ்டியின் பெயரால் வழங்கிய முதல் சிறந்த நாவல் விருது ஹார்ட்டின் இதே வரிசை நாவல் ஒன்றுக்குக் கிடைத்தது.

கடை நடத்துகிறவர் எதற்காகத் துப்பறிய வேண்டும்? இந்த நாவல்களின் பதில் எளிமையானது, உறுதியானதும்கூட: பிழைப்பு. கடைக்குள் பிணம் கிடந்தால் அடுத்த நாள் யார் சாப்பிட வருவார்கள்? போலீஸ் கடையை மூடி முத்திரை வைக்கும். வாடகையும் சம்பளமும் முத்திரைக்குக் காத்திருக்காது. குற்றவாளி பிடிபடும்வரை கடைக்காரர் மேல் ஊர்க் கண் படிந்தே இருக்கும். ஷெர்லாக் ஹோம்ஸுக்குத் துப்பறிதல் அறிவின் தாகம். கடைக்காரருக்கு அது கடைப் பெயரைக் காப்பாற்றும் வேலை. இந்த வேறுபாட்டை உணர்ந்து எழுதியவர்கள் தப்பித்தார்கள்.

ஜோன் ஃப்ளூக் 2000-இல் வெளியிட்ட ‘சாக்லேட் சிப் குக்கி மர்டர்’ நாவலைப் பார்க்கலாம். மினசோட்டாவின் லேக் ஈடன் என்ற கற்பனை ஊரில் ஹன்னா ஸ்வென்சன் பிஸ்கட் கடை வைத்திருக்கிறாள். பால் வண்டிக்காரர் ரான் அவள் கடைக்குப் பின்சந்தில் வண்டியிலேயே இறந்துகிடக்கிறார். அவரைச் சுற்றி அவள் சுட்ட பிஸ்கட்டுகள் சிதறிக்கிடக்கின்றன. தங்கை கணவர் பில், உள்ளூர் போலீஸ்காரர், பதவி உயர்வுக்குக் காத்திருக்கிறவர். ஊரார் பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுச் சொல் என்கிறார். இங்கே ஃப்ளூக் செய்யும் ஒரு காரியம் எனக்குப் பிடிக்கும். பிஸ்கட் தட்டோடு போகிறவளை யாரும் வாசலில் நிறுத்துவதில்லை. பள்ளி விழாவுக்கும் விருந்துக்கும் அவளே பண்டம் கொடுக்கிறாள். எந்தக் கதவும் திறக்கும். வாய் மெல்லும்போது மனமும் இளகும். அத்தியாயங்களுக்கு நடுவே பிஸ்கட் செய்முறைகள் வருகின்றன. டையேன் மாட் டேவிட்சன் 1990 முதல் சமையல் ஒப்பந்தக்காரரான கோல்டியை வைத்து எழுதிய வரிசையிலும் இப்படிச் செய்முறைகள் உண்டு. அந்தக் குறிப்புகளை வாசகர்கள் சமைத்தும் பார்க்கிறார்கள். இதைக் கேலி செய்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். கதை முடிந்த பிறகும் கைக்கு ஒரு வேலையை மிச்சம் வைக்கும் நாவல் வேறு எந்த வகையில் இருக்கிறது?

மானிக்கா ஃபெரிஸின் ‘க்ரூவல் வேர்ல்ட்’ (1999) இன்னும் நுட்பமான ஏற்பாடு. பூத்தையல், பின்னல் பொருள்கள் விற்கும் கடையை நடத்தும் பெண் கொல்லப்படுகிறாள். ஊருக்குப் புதிதாக வந்த அவள் சகோதரி பெட்ஸிக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. கடையை மூடாமல் வைத்துக்கொண்டு, தையலையும் துப்பறிவதையும் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்கிறாள். வாசகரும் அவளோடு சேர்ந்து கற்கிறார். கடைக்கு வந்து வட்டமாக உட்கார்ந்து தைக்கும் பெண்களின் பேச்சே வழக்கு விவரம். கை வேலையில் இருக்கும்போது மனிதர்கள் எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்க்காமல் பேசுகிறார்கள். அப்படிப் பேசும்போது உண்மை எளிதில் வெளியே வருகிறது. இதைப் புரிந்துகொண்ட எழுத்தாளருக்கு ஊர்க் கிணற்றடியையும் கயிற்றுக் கட்டிலையும் யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு வெள்ளம் வந்தது. லாரா சைல்ட்ஸின் சார்ல்ஸ்டன் டீக்கடை 2001-இல் டார்ஜீலிங் பெயரைத் தலைப்பில் ஏந்தி வந்தது. அடுத்தடுத்து காப்பிக்கடை, பாலாடைக்கட்டிக் கடை. பெர்க்லி போன்ற நியூயார்க் பதிப்பகங்கள் இதற்கெனத் தனிப் பிரிவே வைத்து மலிவுப் பதிப்புகளாக இறக்கின. அட்டையில் பூனை, தலைப்பில் சரக்கின் பெயரை வைத்துச் சிலேடை, கடைசிப் பக்கங்களில் செய்முறை. இவற்றில் பல எனக்குச் சலிப்புத் தந்தன, காரணம் எளிது. டீக்கடையை எடுத்துவிட்டு மெழுகுவத்திக் கடையை வைத்தாலும் கதையில் ஒரு வரிகூட மாறாது. கொலையாளியைக் கண்டுபிடிக்க உதவும் தடயம் டீ விற்பவர் கண்ணுக்கு மட்டும் தெரிவதாக இல்லை. யார் கண்ணுக்கும் தெரிவதுதான். கணக்கு எழுதுவது, சரக்கு வராமல் தவிப்பது, வரவேண்டிய கடனை எப்படிக் கேட்பது என்று தயங்குவது ஒன்றும் பக்கங்களில் இல்லை. கடையை வேலையாள் பார்த்துக்கொள்ள, முதலாளி நாள் முழுக்க ஊர் சுற்றுகிறார். நிஜமான கடையில் இது ஒரு மாதம் தாங்காது.

இந்த நாவல்கள் பெருகிய ஆண்டுகளில்தான் அமெரிக்கச் சிற்றூர்களின் கடைவீதிகளை ஊருக்கு வெளியே எழுந்த பேரங்காடிகள் காலிசெய்துகொண்டிருந்தன. பிறகு இணைய வணிகம் வந்தது. காணாமல் போகும் கடைவீதியை நாவலுக்குள் காப்பாற்றி வைக்கும் ஏக்கம் இந்த வகையின் உயிர். அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது எழுத்தாளரை ஒரு பொய்க்கும் இழுத்துச் செல்கிறது. கடைக்காரர் சந்தேகப்படும் ஒவ்வொருவரும் அவருடைய வாடிக்கையாளர். ஒருவரைக் காட்டிக்கொடுத்தால் அவர் குடும்பம், உறவு, நட்பு என்று பாதித் தெருவின் வியாபாரம் போகும். இந்த விலையை கோஸி நாவல்கள் கட்டுவதே இல்லை. கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் திரும்பக் கடைக்கு வந்து டீ குடிக்கிறார்கள்.

விலையைக் கட்டிய நாவல் ஒன்று உண்டு. அது கோஸி இல்லை. ஜார்ஜ் சிமெனோன் 1949-இல் வெளியிட்ட, தொப்பிக் கடைக்காரரைப் பற்றிய நாவல். பிரான்சின் லா ரோஷெல் நகரில் மழைக்காலம். கிழவிகள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்படுகிறார்கள். கொலைகாரன் அச்செழுத்துகளை வெட்டி ஒட்டிப் பத்திரிகைக்குக் கடிதம் அனுப்புகிறான். தொப்பிக் கடைக்கு எதிரே தையற்கடை வைத்திருக்கும் ஆர்மீனியர் கஷூடாஸ், ஒருநாள் தொப்பிக்காரரின் கால்சட்டையில் ஒட்டியிருந்த வெள்ளைத் துணுக்கைத் தையற்காரரின் கைப்பழக்கத்தில் குனிந்து எடுக்கிறார். அது வெட்டப்பட்ட பத்திரிகை எழுத்து. அந்த நொடியில் இருவருக்கும் எல்லாம் தெரிந்துவிடுகிறது. தொழில் கொடுத்த துப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. துப்புக் கொடுத்தால் பரிசு உண்டு. ஆனால் வந்தேறியான ஏழைத் தையற்காரர், ஊரில் மதிப்புள்ள பழைய கடைக்காரர் ஒருவரைக் கொலைகாரர் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் வாய் திறக்கவில்லை. பயம் அவரைத் தின்கிறது, நோயில் விழுகிறார். கோஸி நாவல் எழுத நினைக்கும் எவரும் இதை முதலில் படித்துவிட வேண்டும் என்று சொல்வேன், தங்கள் நாயகி எதைத் தாண்டி வருகிறாள் என்று அறிய.

ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இந்தச் சிக்கலுக்கு வேறு விடைகள் கிடைத்தன. இத்தாலியின் மார்க்கோ மல்வால்டி, வேதியியல் படித்தவர், 2007-இல் பீசா அருகே ஒரு கற்பனைக் கடலோர ஊரில் ‘பார்லூமே’ என்ற காப்பிக்கடையைத் திறந்தார். கடைக்காரர் மஸ்ஸிமோவுக்குத் தர்க்க மூளை. கடையை விட்டு நகராத நான்கு கிழவர்களுக்கு ஊர் வம்பு. வம்பு தகவலைக் கொண்டுவரும். தர்க்கம் அதைச் சலிக்கும். ஜப்பானில் கெய்கோ ஹிகாஷினோ 2009-இல் எல்லாவற்றையும் தலைகீழாக்கினார். ‘நியூகமர்’ என்று ஆங்கிலத்தில் வந்த அந்த நாவலில் போலீஸ்காரர் காகா, டோக்கியோவின் பழைய கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்குகிறார்: அரிசி முறுக்குக் கடை, பீங்கான் கடை, கடிகாரக் கடை. பெரும்பாலும் அத்தியாயத்துக்கு ஒரு கடை. ஒவ்வொரு கடையிலும் கொலையோடு சம்பந்தமில்லாத ஒரு குடும்ப ரகசியம் அவிழ்கிறது. அங்கே கடைக்காரர்கள் ஆளுக்கொரு சிறு பொய்யோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் யாரையோ காப்பாற்றச் சொன்ன பொய். கடைத்தெருவை இவ்வளவு பரிவோடு பார்த்த துப்பறியும் நாவல் வேறில்லை.

அதே நாட்டில் மிகாமி என் 2011-இல் தொடங்கிய பிப்லியா பழம்புத்தகக் கடை வரிசை பெரும்பாலும் கொலையையே கைவிட்டுவிட்டது. காமகுராவில் கடை நடத்தும் ஷியோரிகோ, யாரோ கொண்டுவரும் பழைய புத்தகத்தைப் புரட்டி அதைப் படித்தவரின் வாழ்க்கையைப் படிக்கிறாள். முதல் கதையில், இறந்துபோன பாட்டியின் நாத்சுமே சோசெகி நூலில் இருக்கும் கையெழுத்து உண்மையா என்று பார்க்கக் கொண்டுவருகிறான் பேரன். கையெழுத்துப் போலி என்று அவளுக்குத் தெரிகிறது; போலியாக இருப்பதற்கான காரணத்தில் பாட்டி மறைத்த வாழ்க்கை இருக்கிறது. ஹேகரின் அடகுக் கடை மேசைக்கு நேர் வாரிசு இந்த மேசை.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த வகைக்குப் புது ரத்தம் பாய்ச்சியவர்கள் குடிபெயர்ந்தோரின் கடைகளை எழுதியவர்கள். அங்கே கடை என்பது பொழுதுபோக்காகத் தொடங்கிய ஒன்றாக இருப்பதில்லை. பெற்றோரின் கடனும் பிள்ளைகளின் படிப்பும் அத்தைகளின் மானமும் அதில் போட்ட முதல். விவியன் சியெனின் ‘டெத் பை டம்ப்ளிங்’ (2018) கிளீவ்லாண்டில் உள்ள ஒரு சீன உணவகத்தில் நடக்கிறது. உணவகம் இருக்கும் கடை வளாகத்தின் நிர்வாகி இறந்ததற்குக் காரணம் இறால். அவருக்கு அது ஒவ்வாமை. வழக்கமாகச் சாப்பிடுகிறவருக்கு எது ஆகாது என்று உணவகத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த அறிவே சமையற்காரர் கழுத்தில் சுருக்காக விழுகிறது. தொழிலறிவு துப்பாகவும் குற்றச்சாட்டாகவும் ஒரே நேரத்தில் மாறும் இடம் இது. மியா மனன்சாலாவின் ‘ஆர்சனிக் அண்ட் அடோபோ’ (2021) நாவலில் பிலிப்பினோ உணவகத்தில், கடையைத் தூற்றி எழுதிவந்த உணவு விமர்சகர் சாப்பாட்டு மேசையிலேயே சரிகிறார். கடை மூடப்படுகிறது, வாடகை பாக்கி நெருக்குகிறது. நாயகி லீலா துப்பறிவது வேறு வழியில்லாததால்.

ஜெசி சுடான்டோவின் வேரா வாங் (2023) சான் பிரான்சிஸ்கோ சீனர் பகுதியில் ஈயோட்டும் டீக்கடை நடத்தும் அறுபது வயதுப் பெண். பெயருக்குச் சொல்ல ஒரே ஒரு நிரந்தர வாடிக்கையாளர். ஒருநாள் காலை கடைக்குள் பிணம். போலீஸ் வருவதற்குள் பிணத்தைச் சுற்றி மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவைக்கிறாள். இறந்தவன் கையிலிருந்ததை எடுத்து ஒளித்துவைக்கிறாள். கொலையாளி திரும்பி வருவான் என்று கடையைத் திறந்துவைத்துக் காத்திருக்க, சந்தேகத்துக்குரியவர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். அவளோ அவர்களுக்கு டீயும் சாப்பாடும் கொடுத்து வளர்க்கத் தொடங்கிவிடுகிறாள். தன் சந்தேகப் பட்டியலே தன் வாடிக்கையாளர் பட்டியல் என்ற இக்கட்டை, சிமெனோன் இருட்டில் காட்டிய அதே இக்கட்டை, சுடான்டோ முழு வெளிச்சத்தில் வைத்து எழுதியிருக்கிறார். யார் கொலையாளி என்று தெரியவரும்போது வாசகருக்கு வலிப்பது அதனால்தான்.

நமக்கு இன்னும் அருகில் சிங்கப்பூரின் ஓவிடியா யூ இருக்கிறார். 2013-இல் வந்த ‘ஆன்ட்டி லீஸ் டிலைட்ஸ்’ நாவலின் நாயகி ரோஸி லீ, சீன, மலாய் மரபுகள் கலந்த பெரானாகான் சமையலுக்கான உணவகம் நடத்தும் கைம்பெண். வசதிக்குக் குறைவில்லை, மற்றவர் விஷயத்தில் ஆர்வத்துக்கும் குறைவில்லை. செந்தோசாக் கடற்கரையில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்குகிறது; ரோஸியின் உணவகத்துக்கு விருந்துக்கு வரவேண்டியவர்கள் வரவில்லை. வராத வாடிக்கையாளரை எண்ணிப் பார்ப்பதில் இருந்து கதை தொடங்குகிறது. ஆன்ட்டி லீயின் பழைய நண்பரான போலீஸ் கமிஷனர் ராஜா இந்த வரிசையில் வந்து போகிறார். சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் ஒரே மேசையில் சாப்பிடும் ஊரில் யார் எதைச் சாப்பிடமாட்டார் என்பது நல்ல தகவல்.

ஆனால் அந்த நாவலில் நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தது நினாவை. பிலிப்பைன்ஸிலிருந்து வேலைக்கு வந்தவள். ஆன்ட்டி லீ பேசிக்கொண்டே இருப்பார். பார்க்க வேண்டியதைப் பார்ப்பதும், நினைவு வைத்திருப்பதும், சொல்லலாமா கூடாதா என்று அளந்து சொல்வதும் நினா. ஹேகரில் தொடங்கி நூறாண்டுக்கு மேலாக இந்த வகை கடையின் பொறுப்பில் இருப்பவரையே துப்பறியவைத்து வந்திருக்கிறது. பொட்டலம் மடிக்கிறவர், மேசை துடைக்கிறவர், கடைக்குப் பின்னால் குப்பையைக் கொட்டுகிறவர் பார்ப்பது அவரைவிட அதிகம். வாடிக்கையாளர்கள் அவர்கள் முன்னால் குரலைத் தாழ்த்துவதுகூட இல்லை. சம்பளத்துக்கு நிற்பவர் துப்பறிய இறங்கினால் சந்தேகப் பட்டியலில் முதலாளியின் பெயரும் இருக்கும். அப்படி ஒரு வரிசையை யாராவது எழுதினால், முதல் நாளே வாங்கிப் படிக்க நான் தயார்.